மரை கழன்ற கேபினெட்

அயனாவரத்தில் நான் நடத்தும் டி.டி.பி கடையில் ஐந்து கம்ப்யூட்டர்கள். ஒருகாலத்தில் அதில் நான்கின் பக்கத் தகட்டைச் செலோ டேப்தான் தாங்கிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரி விண்ணப்பம் போட வாசல்வரை ஆள் நின்ற ஒரு காலையில், மூன்றாம் நம்பர் மெஷினின் தகடு தானாகக் கழன்று, வரிசையில் நின்ற ஒருவர் காலில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "என்னம்மா, இதுவும் மரை கழண்ட கேஸா?" என்று கேட்டார். கடையே சிரித்தது, நானும்தான். அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து கேபினெட்டையும் மேஜைமேல் ஏற்றினேன்.

அப்பா ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டார், ஆனால் இரும்பு என்றால் விடமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு ஓட்டையையும் தீக்குச்சியால் நெருடிப் பார்த்தார். "பாதி ஓட்டை நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் கண்ட ஸ்க்ரூவையும் போட்டு வச்சிருக்கீங்க" என்றார். அன்றைக்கு அவரிடம் கற்றது, அதற்குப் பிறகு நானாகக் கெடுத்துக் கற்றது இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

ஓட்டையைத் தொடும் முன் ஸ்க்ரூவைப் பாருங்கள்

கேபினெட்டில் புழங்குவது பெரும்பாலும் இரண்டே வகை மரை. ஒன்று 6-32 என்னும் அங்குலக் கணக்கு. 6 என்பது தடிமனுக்கான எண், 32 என்பது ஓர் அங்குல நீளத்தில் இருக்கும் மரைகள். குறுக்களவு சுமார் 3.5 மி.மீ. இன்னொன்று எம்3. குறுக்களவு 3 மி.மீ, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.5 மி.மீ. 6-32-இல் அந்த இடைவெளி ஏறக்குறைய 0.8 மி.மீ. அதாவது ஒன்று முரட்டு மரை, இன்னொன்று பொடி மரை.

பக்கத் தகடு, பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டை மாட்டும் பின்பக்கப் பட்டை, 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், இவை பொதுவாக 6-32. டிவிடி டிரைவ், 2.5 அங்குல எஸ்எஸ்டி, இவை எம்3. மதர்போர்டு உட்காரும் குட்டிப் பித்தளைத் தூணான ஸ்டாண்ட்-ஆஃபின் தலைப்பக்கம் மட்டும் கேபினெட்டுக்குக் கேபினெட் மாறும். சிலதில் இது, சிலதில் அது. சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் கடையில் எல்லா ஸ்க்ரூவும் ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்தன. கடைத் தம்பி கையை விட்டு எது வந்ததோ அதை முடுக்குவான். எம்3 ஸ்க்ரூவை 6-32 ஓட்டையில் விட்டால் சத்தமில்லாமல் உள்ளே போகும், முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். "அக்கா, மரை போச்சு" என்பான். மரை எங்கேயும் போகவில்லை, ஸ்க்ரூதான் ஒல்லி. அதையே திருப்பிப் போட்டால், அதாவது 6-32-ஐ எம்3 ஓட்டையில் திணித்தால், முதல் சுற்றிலேயே முட்டும். கை பலம் இருக்கிறதென்று திருகினால் உள்ளே போய்விடும், நன்றாகப் பிடித்தது போலவும் தோன்றும். கழற்றும்போது பார்த்தால் ஓட்டைக்குள் வெள்ளித்தூளாக உதிர்ந்திருக்கும். நிஜமாகவே மரை போவது இப்படித்தான்.

எந்த ஸ்க்ரூ எது என்று சந்தேகம் வந்தால், தெரிந்த ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து, மரைக்குள் மரை உட்காரும்படி அழுத்தி, டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். ஒரே வகை என்றால் சீப்பின் பல்லுக்குள் பல் போவது போல் பொருந்தி, நடுவே வெளிச்சம் தெரியாது. வேறு வகை என்றால் ஒரு மரை பொருந்தும், அடுத்தது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், இடுக்கில் கீற்று வெளிச்சம் தெரியும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு நகமே போதும். 6-32-ஐ நகத்தால் வருடினால் ஒவ்வொரு மரையும் தனித்தனியாக இடறும். எம்3-ஐ வருடினால் நரநரவென்று ஒரே ஓட்டமாகப் போகும்.

சரி, சரியான ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தாயிற்று. அதையும் உடனே வலது பக்கம் முடுக்காதீர்கள். அப்பா சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவு வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன். ஸ்க்ரூவை ஓட்டையில் நேராக நிறுத்தி, லேசாக அழுத்தியபடி, முதலில் இடது பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். ஸ்க்ரூவின் மரைமுனை ஓட்டையின் மரைமுனையிலிருந்து கீழே விழுகிற இடம் அது. அங்கிருந்து வலது பக்கம் திருப்பினால் ஸ்க்ரூ பழைய தடத்திலேயே போகும், புதுத் தடம் வெட்டாது. அரைகுறையாகத் தேய்ந்த ஓட்டைகள் பல இந்த ஒரு வித்தையிலேயே பிழைத்துவிடும். எங்கள் ஐந்து மெஷினிலும் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவைத்த ஓட்டைகள் மொத்தம் பதினொன்று. சரியான ஸ்க்ரூ போட்டு, இடது பக்கம் திருப்பி ஆரம்பித்ததும் ஆறு பிடித்துக்கொண்டன.

கேபினெட் ஓட்டை ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது என்றால், அதில் மரை என்று இருப்பதே இரண்டு சுற்றுதான். மலிவு கேபினெட்டுகளின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. வெறும் தகட்டில் ஓட்டை போட்டால் ஒரு மரைகூட முழுசாக நிற்காது என்பதால், ஓட்டை குத்தும்போதே தகட்டைப் பின்பக்கம் பிதுக்கி ஒரு குட்டிக் கழுத்து மாதிரி செய்துவிடுவார்கள். விரலால் தடவினால் தெரியும், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் எரிமலை வாய் போல ஒரு மேடு. மரை வெட்டியிருப்பது அந்தக் கழுத்துக்குள்தான். இந்தக் கழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இரும்புத்தூள்

லூசான ஸ்க்ரூவால் இதுவரை எந்தக் கம்ப்யூட்டரும் எரிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதைச் சரிசெய்யப் போய் உதிர்ந்த ஒரு சுருள் இரும்புத்தூள் மதர்போர்டில் இரண்டு காலுக்கு நடுவே படுத்துக்கொண்டால், ஸ்விட்ச் போட்ட நிமிஷமே கதை முடிந்தது. அதனால் டிரில், டேப் (மரை வெட்டும் குச்சி), அரம் எதைத் தொடுவதாக இருந்தாலும் மதர்போர்டு, பவர் சப்ளை, டிஸ்க் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். "ஒரே ஒரு ஓட்டைதானே, நியூஸ்பேப்பர் போட்டு மூடிக்கலாம்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நியூஸ்பேப்பரை எடுக்கும்போதுதான் தூள் சரிந்து உள்ளே விழுந்தது. அப்புறம் பெயிண்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பெருக்கினேன்.

வெளியே எடுக்க முடியாத சின்ன வேலையென்றால், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஓட்டையின் பின்பக்கம் அப்பிவிடுங்கள். தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். டேப்பின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அதுவும் பாதியைப் பிடித்துவைக்கும். வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஒரு தடவு தடவுங்கள். பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் மொத்தமும் பைக்குள் வந்துவிடும். அலுமினிய கேபினெட்டில் காந்தம் பலிக்காது, பிரஷ்தான்.

செத்த ஓட்டைக்கு என்ன செய்யலாம்

முதல் வைத்தியம், அந்தக் கழுத்து. நோஸ் பிளையரால் கழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக ஓர் அமுக்கு. வட்டம் ஒரு மயிரிழை நீள்வட்டம் ஆகும், ஸ்க்ரூ உள்ளே போகும்போது இறுக்கிப் பிடிக்கும். அதிகம் அமுக்கினால் ஸ்க்ரூ நுழையவே நுழையாது, ஓட்டையின் ஓரம் கீறிவிடும். அமுக்கு, ஸ்க்ரூவை விட்டுப் பார், போதாவிட்டால் இன்னொரு முறை அமுக்கு. இந்தக் கணக்கில் போங்கள். மூன்று நிமிஷ வேலை, தூள் கிடையாது, காசு கிடையாது. அடிக்கடி திறக்காத தகட்டுக்கு இதுவே போதும்.

கழுத்து இல்லாத தட்டை ஓட்டை என்றால் பன்ச். தகட்டின் பின்னால் கனமான இரும்பு ஒன்றை அண்டக்கொடுத்து (நாங்கள் பழைய இஸ்திரிப் பெட்டியின் அடியை வைத்தோம்), ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, சென்டர் பன்ச்சை (கூர்முனை எஃகுக் குச்சி) வைத்து நான்கு திசையிலும் நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் இரும்பு ஓட்டைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வட்டம் சுருங்கும். அப்பா இதைச் செய்தபோது சுத்தியலை ஓங்கவே இல்லை, மணிக்கட்டால் மட்டும் தட்டினார். நான் செய்தபோது தகட்டில் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்கும்போது கேபினெட்டில் சுத்தியல் தட்டாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது, நட்டு. ஓட்டையின் பின்பக்கம் விரல் போகும் என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள். மரை போன 6-32 ஓட்டைக்குள் எம்3 போல்ட் தாராளமாக நுழையும். 10 மி.மீ நீள போல்ட், பின்னால் ஒரு வாஷர், ஒரு எம்3 நட்டு, முடிந்தது. ஓட்டையைச் சரிசெய்யவே இல்லை, ஆனால் ஓட்டை இனிமேல் தேவையும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு மாட்டும் பட்டையில் நான் இதைத்தான் செய்தேன். கனமான கார்டு தொங்கிக்கொண்டே இருக்கும் இடம், அங்கே அரைகுறைப் பிடிப்பு ஆகாது. போல்ட்டின் வால் உள்ளே நீட்டிக்கொண்டு எதையும் தொடாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நீளமாக இருந்தால் ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடலாம்.

ஒவ்வொரு முறையும் நட்டைப் பின்னால் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்றால் நட்டை ஒட்டிவிடலாம். இங்கேதான் பலர் ஃபெவிக்விக்கை எடுப்பார்கள். வேண்டாம். அது தண்ணீர் மாதிரி ஓடி மரைக்குள் புகுந்து, போல்ட்டையும் நட்டையும் ஒரே ஜென்மமாக ஆக்கிவிடும். எம்சீல் நல்லது. தகட்டில் நட்டு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்டை எடுங்கள், தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். போல்ட்டின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், எம்சீல் அதில் ஒட்டாமல் இருக்க. போல்ட்டை ஓட்டையில் விட்டு, பின்னால் நட்டை விரல் இறுக்கத்துக்கு முடுக்கி, எம்சீலின் இரண்டு களியையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, நட்டைச் சுற்றி மட்டும் வடைக்குத் தட்டுவது போல் தட்டிவிடுங்கள். நட்டின் வாயில் படக்கூடாது. ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் போல்ட்டைக் கழற்றினால் நட்டு அங்கேயே நிற்கும். நான் அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் கழற்றினேன். நட்டு, எம்சீல், போல்ட் மூன்றும் குடும்பமாகக் கையோடு வந்தன.

மூன்றாவது, ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை போடுவது. இதற்கு டேப் வேண்டும். ஒட்டுகிற டேப் இல்லை, லேத் பட்டறையில் மரை வெட்ட வைத்திருக்கும் எஃகுக் குச்சி. இங்கே ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. எம்3-க்கு மரை போட 2.5 மி.மீ ஓட்டை வேண்டும். மரை போனதும் அது கொஞ்சம் அகன்று, ஏறக்குறைய 6-32-க்கு வேண்டிய 2.8-இல் வந்து நிற்கும். 6-32 மரை போனால் அந்த ஓட்டை அகன்று, எம்4-க்கு வேண்டிய 3.3-ஐ நெருங்கும். ஆக, செத்த எம்3 ஓட்டைக்கு 6-32 போடலாம், செத்த 6-32 ஓட்டைக்கு எம்4 போடலாம், பல சமயம் டிரில்லே தேவைப்படாது.

எம்4 டேப் பிராட்வே பக்கம் ஹார்டுவேர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். 6-32 டேப் கேட்டேன், செம்புதாஸ் தெருவில் இரண்டு கடைக்காரர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். அப்பா அதற்கும் வழி வைத்திருந்தார். கெட்டியான நல்ல 6-32 ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து மேலாக முக்கோண அரத்தால் மரைக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் ராவினார். அவ்வளவுதான், அதுவே ஒரு ஏழை டேப். வாய்க்காலின் ஓரம் கத்தி போல் வெட்டும், வெட்டிய தூள் வாய்க்காலில் தங்கும். மெல்லிய தகட்டுக்கும், நசுங்கிய மரையைச் சுத்தம் செய்வதற்கும் இது தாராளம். கனமான இரும்பில் போட்டால் ஸ்க்ரூதான் மழுங்கும்.

டேப்பை ஓட்டையில் நேர்செங்குத்தாக நிறுத்துங்கள். இந்த வேலையில் கஷ்டமே இந்த ஒன்றுதான். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயும் ஆகும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது 'கிரக்' என்று தூள் உடையும் சத்தம் கேட்கும். கேட்காமல் ஒரேயடியாக முன்னால் தள்ளினால் டேப் உடைந்து ஓட்டைக்குள்ளேயே நிற்கும். உடைந்த டேப் டிரில்லுக்கு மசியாது, டிரில்லைப் போலவே அதுவும் கெட்டி. எம்4 போட்டபின் பக்கத் தகட்டின் வெளி ஓட்டையில் எம்4 ஸ்க்ரூ நுழைகிறதா பாருங்கள், முட்டினால் உருண்டை அரத்தால் நாலு இழுப்பு.

ரிவெட் நட் என்று ஒன்று உண்டு. ஓட்டையை எம்3-க்கு 5 மி.மீ, எம்4-க்கு 6 மி.மீ என்று பெரிதாக்கி, உள்ளே மரையுள்ள ஒரு குழாயைச் சொருகி, ஒரு கருவியால் இழுத்தால் பின்பக்கம் மடிந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். மெல்லிய தகட்டுக்கு இதைவிட உறுதியான வைத்தியம் நான் பார்த்ததில்லை. ஆனால் ஐந்து கேபினெட்டுக்காக அந்தக் கருவியை வாங்குவது கொசுவுக்குப் பீரங்கி. கருவி வைத்திருக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறை பக்கத்தில் இருந்தால் காலி கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஹெலிகாயில் போடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். அந்தக் கம்பிச்சுருள் என்ஜின் பிளாக் மாதிரி ஆழமான ஓட்டைக்கு அருமையான சங்கதி, தகட்டில் அது நிற்க இடமே இல்லை.

தகட்டின் ஓரத்தை ஒட்டிய ஓட்டை என்றால் புதுப்பேட்டைதான். ஸ்கூட்டர் பேனலில் ஸ்க்ரூ பிடிக்க 'U' மாதிரி வளைந்த கிளிப் நட்டு போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதைத் தகட்டின் ஓரத்தில் சொருகினால் கிளிப்பின் ஓட்டை உங்கள் ஓட்டைக்கு நேராக வந்து நிற்கும். ஸ்க்ரூவையும் அதே கடையில் கேட்டு வாங்குங்கள், கிளிப்புக்கு ஏற்ற ஸ்க்ரூ வேறு.

ஸ்க்ரூ உள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியே வர மறுத்தால், முடுக்குவதை நிறுத்திவிட்டு, தகட்டுக்கும் ஸ்க்ரூ தலைக்கும் இடையில் தட்டைத் திருப்புளியை நுழைத்து நெம்பியபடியே இடது பக்கம் திருப்புங்கள். மேலே இழுவிசை இருந்தால்தான் மிச்சமிருக்கும் மரை பிடிக்கும். இரண்டு கை போதாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

இடத்துக்கு இடம் வேறு

பவர் சப்ளையில் கை வைக்காதீர்கள். அதை மாட்டும் நான்கு ஓட்டைகளின் மரையும் பவர் சப்ளைப் பெட்டியிலேயே இருக்கிறது, கேபினெட்டில் இருப்பது வெறும் துளை. அங்கே மரை போனால் டேப் போட்டாலும் டிரில் போட்டாலும் தூள் நேராக உள்ளே விழும். பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யலாம் என்றால், உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் நம்மூர் 230 வோல்ட்டில் சுமார் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ டி.சி-யைத் தேக்கிவைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம். நான்கில் ஒன்று போனால் மூன்றோடு விடுங்கள். என் இரண்டாம் நம்பர் மெஷின் பல வருஷமாக மூன்று ஸ்க்ரூவில்தான் ஓடுகிறது.

ஹார்ட் டிஸ்க்கிலும் அதே கதை. பக்கத்திலும் அடியிலும் வேறு ஓட்டைகள் இருக்கும், அதில் மாட்டுங்கள். டிஸ்க்கின் உடல் அலுமினியம், மரை சீக்கிரம் போகும், அங்கே முரட்டுத்தனம் கூடாது. நீள ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், உள்ளே போர்டைக் குத்தும்.

ஸ்டாண்ட்-ஆஃப் விவகாரம் கொஞ்சம் பொறுமை கேட்கும். மதர்போர்டு ஸ்க்ரூவைக் கழற்றும்போது அடியில் இருக்கும் பித்தளையும் சேர்ந்து சுற்றினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஸ்டாண்ட்-ஆஃப் தகட்டில் சரியாக முடுக்கப்படவில்லை, அல்லது அது உட்காரும் ஓட்டையில் மரை போய்விட்டது. போர்டை எடுத்துவிட்டுப் பித்தளையைச் சின்ன பாக்ஸ் ஸ்பேனரால் முடுக்கிப் பாருங்கள். முட்டி நின்றால் முதல் காரணம், அத்தோடு சரி. சுற்றிக்கொண்டே இருந்தால், தட்டின் பின்பக்கம் ஸ்டாண்ட்-ஆஃபின் வால் வெளியே எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். பார்த்தால் அதே மரையுள்ள மெல்லிய நட்டு ஒன்றைப் பின்னால் போட்டு இறுக்கலாம். வால் குட்டையாக இருந்தால் மேலே சொன்ன கழுத்தை அமுக்கும் வைத்தியம்.

ஓட்டை சரியில்லை என்று ஸ்டாண்ட்-ஆஃபை அடுத்த ஓட்டைக்கு நகர்த்தும் வேலை மட்டும் செய்யாதீர்கள். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் அளவுகளின்படிதான் போர்டின் துளைகள் அமைந்திருக்கின்றன. துளைக்கு நேராக இல்லாத பித்தளை, போர்டின் அடியில் ஈயம் வைத்த கால்களைத் தொட்டு ஷார்ட் ஆகும். ஒரு மூலை ஸ்டாண்ட்-ஆஃப் இல்லாமல் போனால், அந்த மூலையைக் காலியாக விடுவது மேல். ரேம் செருகும்போது மட்டும் அந்தப் பக்கம் பார்த்து அமுக்குங்கள்.

முன்பக்க பிளாஸ்டிக் முகப்பில் ஸ்க்ரூ பிடிக்கும் குழிகளுக்கு டேப்பும் வேண்டாம், நட்டும் வேண்டாம். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்குச்சியை உருவி, குழியின் ஆழத்துக்கு இரண்டு மூன்று துண்டாக ஒடித்து உள்ளே நிறுத்தி, ஸ்க்ரூவை மெதுவாகத் திருகுங்கள். கதவுக் கீலுக்குத் தச்சர்கள் தீக்குச்சி வைப்பார்களே, அதே கணக்கு. குழியே வெடித்திருந்தால் சமையல் சோடா. குழியில் சோடா மாவை நிரப்பி ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் அந்த விநாடியே கல்லாக இறுகும். சூடும் நெடியும் வரும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஆறியபின் சின்ன டிரில் பிட்டைக் கையால் திருகி ஓட்டை போட்டுக்கொள்ளலாம். ஃபெவிக்விக்குக்கு நான் கேபினெட்டுக்குள் கொடுத்திருக்கும் ஒரே வேலை இதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டை சித்தி வீட்டில் தண்ணீரில் நின்ற கேபினெட் ஒன்றும் என்னிடம் வந்தது. அதில் மரை தேய்ந்திருக்கவில்லை, துருவால் அடைத்திருந்தது. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் வைத்தியம் நேர்எதிர். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, வாய்க்கால் ராவிய அந்த ஏழை டேப்பை முன்னும் பின்னுமாக ஓட்டினால் செம்மண் மாதிரி துரு வெளியே வரும், அடியில் மரை அப்படியே இருக்கும். கடற்காற்று அடிக்கும் பக்கம் குடியிருப்பவர்கள் ஸ்க்ரூவை மாட்டும்போதே நுனியில் துளி கிரீஸ் தொட்டுக்கொள்வது நல்லது.

முடுக்கும் அளவுக்கு அப்பா ஒரு கணக்கு வைத்திருக்கிறார். தலை தகட்டில் முட்டும்வரை விரலால் மட்டும். அப்புறம் திருப்புளியால் கால் சுற்று. பேட்டரி திருப்புளியைக் கேபினெட் பக்கமே கொண்டுவரக்கூடாது என்று கடைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவனும் ரிச்சி தெருவுக்குப் போனபோது 6-32-உம் எம்3-உம் தனித்தனிப் பாக்கெட்டாக வாங்கி வந்தான். ஹார்லிக்ஸ் பாட்டில் பக்கத்தில் இப்போது ஒரு பூஸ்ட் பாட்டிலும் இருக்கிறது. பெரிய பாட்டிலில் முரட்டு மரை, சின்ன பாட்டிலில் பொடி மரை. மூன்றாம் நம்பர் மெஷினில் எம்4 போட்டாயிற்று, தகடு அசையவில்லை. ஐந்தாம் நம்பருக்கு மட்டும் இன்னும் செலோ டேப்தான். அதன் விசிறி வாரத்துக்கு ஒருமுறை கத்துகிறது, ஒவ்வொரு முறையும் நாலு ஸ்க்ரூ கழற்ற எனக்குப் பொறுமையில்லை.